செடிக்கு எழுத்துப் பாடம்: மூன்று காணொளிகளும் அவற்றைக் காட்டிய வரிசையும்



வாய்மொழித் தேர்வுக் காணொளி நமக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. ஒருவர் மின்தூக்கியில் முதியவருக்கு வழிவிடுவார். இன்னொருவர் உணவங்காடியில் தட்டை எடுத்து வைக்காமல் போய்விடுவார். பார்த்து முடித்ததும் மாணவர் கருத்துச் சொல்ல வேண்டும். "இக்காணொளியின் மூலம் நாம் அறிந்துகொள்வது என்னவென்றால்..." என்று தொடங்கும் பதிலை எத்தனை முறை கேட்டிருப்போம்! குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இதனால் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. காணொளி என்றால் உள்ளே ஒரு படிப்பினை ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுத்துச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை மூன்று மாணவர்களைக் கற்றல் பயணமாக ஒரு திரையிடலுக்கு அழைத்துப் போனேன். பரிசோதனைக் காணொளிக் கலை. தொண்ணூறு நிமிடத்தில் பதினொரு குறும்படைப்புகள். இடைவேளை கிடையாது. ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கியது. கையில் கொடுத்த குறிப்பேடு, கலை விமர்சகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தில் இருந்தது. பாதி அரங்கம் நடுவிலேயே எழுந்து போனது. வெளியே வந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், இதுல மெசேஜ் என்ன? ஒண்ணுலகூட மெசேஜே இல்லையே?" பக்கத்தில் நின்றவன், "எல்லாமே ஒண்ணு மாதிரியே இருந்துச்சு சார்" என்றான்.

அவள் கேட்ட கேள்வி நம் பயிற்சியின் விளைவு. அவன் சொன்னது திரையிட்டவர்கள் மீதான விமர்சனம். அவன் சொன்னதைத்தான் நான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றும் ஒன்று போலத் தெரிந்தால், தப்பு படைப்புகளில் இல்லை, அவற்றை அடுக்கிய கையில் இருக்கிறது. யோசிக்க யோசிக்க, அவள் கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது.

தொகுப்பதும் ஓர் ஆக்கமே

பரிசோதனைக் காணொளிகளில் பல ஆறு நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடுபவை. ஒன்றை மட்டும் காட்ட யாரும் அரங்கம் எடுக்கமாட்டார்கள். எப்போதும் யாரோ ஒருவர் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்திக் காட்டுகிறார். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நம்முடைய பழைய நூல்களில் பெரும்பகுதி தொகை நூல்கள்தானே? குறுந்தொகை 4 முதல் 8 அடி வரை, நற்றிணை 9 முதல் 12 வரை, அகநானூறு 13 முதல் 31 வரை என்று, பாட்டின் நீளம் பார்த்தே பிரித்திருக்கிறார்கள்.

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒற்றைப்படை எண்ணில் வரும் பாட்டெல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், 10இன் மடங்கு என்றால் நெய்தல். இதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். நூலை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டு பிரிவு திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இந்த உணர்வை எந்தத் தனிப் புலவரும் எழுதவில்லை. அது தொகுத்தவர் எழுதியது.

திரையிடலில் இதே வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஏமஸ் வோகல். வியன்னாவில் பிறந்து, நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபின் தப்பி நியூயார்க் வந்தவர். மனைவி மார்ஷியாவுடன் சேர்ந்து 1947இல் 'சினிமா 16' என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1963 வரை நடந்த அந்தச் சங்கத்தில், உச்சத்தில் 7,000 உறுப்பினர்கள் வரை இருந்தார்கள். ஒரு தையற்கலை உயர்நிலைப் பள்ளியின் பெரிய மண்டபத்தில் படங்கள் ஓடின. ஆமாம், பள்ளி மண்டபம்தான். அவர் பரிசோதனைப் படங்களை மட்டும் அடுக்கி அலுப்பூட்டவில்லை. ஓர் அறிவியல் படம், ஓர் ஆவணப்படம், ஒரு பரிசோதனைப் படம் என்று ஒரே மாலையில் வேண்டுமென்றே மோதவிட்டார். அறிவியல் படத்தைப் பார்த்த கண்ணோடு அடுத்த படத்தைப் பார்க்கும்போது அது வேறாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உறுப்பினர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி விரிவான குறிப்புகளையும் கொடுத்தார்.

நான் என் மாணவர்களோடு போன திரையிடலில் இல்லாமல் போனது இதுதான். சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா? நாமே ஒரு சின்ன நிகழ்ச்சியைத் தொகுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மூன்று படைப்புகள் போதும். மூன்றும் அகரவரிசையைப் பற்றியவை. நம் தொழிலே அதுதானே!

முதலாவது: செடியும் அட்டையும்

அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டெஸாரி 1972இல் எடுத்த 'செடிக்கு அகரவரிசை கற்பித்தல்' பத்தொன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும், கறுப்பு வெள்ளை. ஒரு தொட்டிச் செடி. அதன் முன் ஒரு கை ஆங்கில எழுத்தட்டையை நீட்டுகிறது. குரல் அந்த எழுத்தைச் சொல்கிறது, மறுபடி சொல்கிறது, மறுபடியும் சொல்கிறது. பிறகு அடுத்த அட்டை. இப்படியே ஏ முதல் இஸட் வரை. அவ்வளவுதான் படைப்பு.

பால்டெஸாரி பல்லாண்டு ஆசிரியராக வேலை பார்த்தவர். இந்தக் காணொளிக்கு முந்தைய ஆண்டு, 'இனி அலுப்பூட்டும் கலை செய்ய மாட்டேன்' என்ற வரியை, கனடாவின் நோவா ஸ்கோஷியா கலைக் கல்லூரி மாணவர்களை வைத்துச் சுவரெல்லாம் திரும்பத் திரும்ப எழுதவைத்தார். நாம் தண்டனையாக எழுதச் சொல்வோமே, அதே மாதிரி. ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸ் 1965இல் இறந்த முயல் ஒன்றைக் கையில் ஏந்தி அதற்கு ஓவியங்களை விளக்கினார். அதற்குப் பால்டெஸாரி தந்த குறும்பான பதில் இது என்று பார்ப்பவர்களும் உண்டு. அந்தத் தகவல் தெரியாவிட்டாலும் ஆசிரியர்களுக்கு இது புரியும். நன்றாகவே புரியும்.

ஏன் வெட்டு இல்லாமல் இப்படி ஒரே இழுப்பாக எடுத்தார்கள்? 1960களின் பிற்பகுதியில் சோனி நிறுவனத்தின் 'போர்ட்டபேக்' கருவி வந்தது. ஒருவரே தோளில் சுமந்துபோய்ப் பதிவு செய்யலாம். அதன் நாடாவை வெட்டித் தொகுப்பதோ பெரிய தொல்லை. அதனால் கருவியை ஓடவிட்டு, அதன் முன் ஒரு செயலைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்துகாட்டுவது அன்றைய காணொளிக் கலையின் ஒரு முக்கியமான வடிவமாகியது. இருந்த வசதிக் குறைவிலிருந்தே ஒரு வடிவம் பிறந்தது.

முதல் முறை வகுப்பில் காட்டியபோது நான் ஒரு தவறு செய்தேன். பத்தொன்பது நிமிடமெல்லாம் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நகைச்சுவைத் துணுக்கு போல ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு வேறொரு வகுப்பில் முழுதாக ஓடவிட்டேன். சிரிப்பு நாலைந்து எழுத்தில் தீர்ந்தது. பிறகு நெளிந்தார்கள், முனகினார்கள். பாதி எழுத்துகள் போனபின் வகுப்பு அமைதியாகிவிட்டது. முடிந்ததும் "மெசேஜ் என்ன?" என்று நான் கேட்கவில்லை. "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"செடி ஒண்ணுமே சொல்லல" என்றான் ஒருவன்.

"அவரும் செடிகிட்ட ஒண்ணுமே கேக்கல" என்றாள் இன்னொருத்தி.

கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: "பிரைமரி ஒன்ல நானும் அந்தச் செடி மாதிரிதான் சார். எங்க வீட்டுல யாரும் தமிழ் பேச மாட்டாங்க. டீச்சர் கார்டு காட்டுவாங்க. நான் சும்மா பார்த்துக்கிட்டே இருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா டீச்சர் நிறுத்தவே இல்ல" என்றான்.

இதற்கு மேல் இந்தப் படைப்புக்கு நான் என்ன விமர்சனம் எழுத? வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு முன்னால் 'அ' அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் நம் எல்லோரையும் அந்தக் கை நினைவுபடுத்துகிறது. அதில் கேலி இருக்கிறது. கேட்காத ஒன்றிடம் விடாமல் பேசும் பொறுமையும் இருக்கிறது. பால்டெஸாரி இரண்டில் எதையும் நமக்காகத் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. அந்த மாணவன் இரண்டையும் பார்த்துவிட்டான். நான்கு நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் கேலி மட்டுமே மிஞ்சியிருக்கும். பொறுமை தெரிய வேண்டுமானால் நேரம் போகத்தான் வேண்டும்.

இரண்டாவது: கத்தியும் எழுத்தும்

ஐந்து நிமிட இடைவெளி விட்டு, மார்த்தா ராஸ்லரின் 'சமையலறையின் குறியியல்' காட்டினேன். 1975இல் எடுத்தது, ஏறக்குறைய ஆறு நிமிடம். இதுவும் கறுப்பு வெள்ளை, ஒரே இடத்தில் நிற்கும் கேமரா. ஒரு பெண் சமையலறையில் நிற்கிறார். ஏ என்ற எழுத்துக்கு ஏப்ரனை அணிகிறார். பிறகு அகரவரிசைப்படி கிண்ணம், வெட்டுக்கத்தி என்று ஒவ்வொரு பொருளையும் எடுத்து, அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லி, எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுகிறார். தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி மாதிரிதான் தொடங்குகிறது. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. முள்கரண்டியால் காற்றைக் குத்துகிறார். அகப்பையில் இல்லாத குழம்பை மொண்டு அப்பால் வீசுகிறார். யூ என்ற எழுத்து வந்ததும் பொருள்கள் தீர்ந்துவிடுகின்றன. கத்தியையும் முள்கரண்டியையும் கையில் பிடித்துக்கொண்டு, தன் உடம்பையே எழுத்தாக வளைக்கிறார். இஸட்டைக் கத்தியால் காற்றில் கீறுகிறார். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு தோளைக் குலுக்குகிறார், 'இதுக்கென்ன இப்போ' என்பதுபோல.

நம் பிள்ளைகள் ஆத்திசூடி படித்தவர்கள். அகரவரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஒழுக்கத்தைக் கொண்டுவரும் என்று அவர்களுக்குத் தெரியும். இதே கட்டமைப்பை ராஸ்லர் திருப்பிப் போடுகிறார். ஒரு பெண்ணுக்கு என்று விதிக்கப்பட்ட ஒழுக்கத்தை எழுத்து எழுத்தாக ஒப்பிக்கிறார். ஒப்பிக்கும்போதே அது வேறாக மாறிவிடுகிறது. சொல் அதே சொல், குரலும் சலனமில்லாத அதே குரல். கையசைவில் மட்டும் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே விழும் அந்த விரிசல்தான் படைப்பின் உயிர். பெண்ணுரிமை பற்றி ஒரு வார்த்தைகூட அதில் பேசப்படவில்லை. "அம்மா கோவமா இருக்கும்போது பாத்திரம் வைக்கிற சத்தம் மாதிரி இருக்கு சார்" என்றாள் ஒரு மாணவி. மூன்று பக்கக் கட்டுரை இதைவிட என்ன சொல்லிவிடும்?

இப்போது வரிசைக்கு வருவோம். செடியை முதலில் காட்டி ராஸ்லரை இரண்டாவதாகக் காட்டியபோது, வகுப்பு தானாகவே ஒரு கதையை உருவாக்கிக்கொண்டது. பேசாமல் பாடம் கேட்ட செடி வளர்ந்து, கற்ற எழுத்துகளையெல்லாம் கத்தியோடு திருப்பிச் சொல்கிறது என்றார்கள். இன்னொரு வகுப்பில் வரிசையை மாற்றினேன். ராஸ்லர் முதலில், பால்டெஸாரி அடுத்து. அந்தப் பிள்ளைகளுக்குச் செடியின் முன் நீளும் கையே பிடிக்கவில்லை. "பாவம் சார் செடி, விட்டுடலாம்ல" என்றார்கள். விடாமல் சொல்லித்தரும் பொறுமை அவர்கள் கண்ணில் படவே இல்லை. அதே இரண்டு காணொளிகள், அதே ஆசிரியர், அதே அறை. மாறியது வரிசை மட்டும்தான். இந்த இரு கலைஞர்களும் தங்கள் படைப்புகளை இப்படிச் சேர்த்துப் பார்க்கச் சொல்லவில்லை. சேர்த்தது நான். ஆகவே பிள்ளைகள் எடுத்துப்போன பொருளில் பாதிக்கு நானே பொறுப்பு. திரையிடல் நிகழ்ச்சி தொகுக்கும் எவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

மூன்றாவது: நம் வட்டாரத்தின் அகராதி

மூன்றாவதாகச் சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ சூ நியன் உருவாக்கிய 'தென்கிழக்காசியாவின் விமர்சன அகராதி'. 2012இல் தொடங்கிய இந்த முயற்சி, 2017இல் இணையக் காணொளியாக வடிவம் பெற்றது. ஏ முதல் இஸட் வரை ஒவ்வோர் எழுத்துக்கும் இந்த வட்டாரத்தோடு தொடர்புடைய சொற்கள். பாட்டு போலவும் ஓதுவது போலவும் ஒரு குரல் அவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறது. காட்சிகள் இணையத்தில் கிடைப்பவை. அவற்றை ஒரு கணினி நிரல் தேர்ந்து கோக்கிறது. ஒருமுறை பார்த்த கோவை அடுத்த முறை அப்படியே வராது. அதாவது, தொகுப்பவரின் வேலையை இங்கே இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

ஒரே மொழியோ ஒரே சமயமோ ஒரே ஆட்சியோ இணைத்திராத ஒரு வட்டாரத்தை ஒன்று என்று எப்படிச் சொல்கிறோம்? ஹோ எழுப்பும் கேள்வி இதுதான். நல்ல கேள்வி. 'தென்கிழக்காசியா' என்ற பெயரே பரவலானது, இரண்டாம் உலகப் போரில், 1943இல், நேச நாடுகள் மவுண்ட்பேட்டன் தலைமையில் அமைத்த போர்த் தலைமையகத்தின் வழியாகத்தான். வெளியிலிருந்து வைத்த பெயர். அதனால் அதன் அகராதி நிலையில்லாமல் கலைந்து கலைந்து சேர்வது பொருத்தமே.

ஆனாலும் எனக்கு இதில் இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, ராஸ்லரிடம் ஒவ்வோர் எழுத்தும் அதற்கான இடத்தைச் சம்பாதித்திருந்தது. முள்கரண்டிக்குப் பிறகு கத்தி வரும்போது கோபம் ஒரு படி ஏறியிருக்கும். இங்கே எந்தக் காட்சியும் எந்த எழுத்துக்கும் வந்துவிடலாம் என்று ஆனபின், பத்து நிமிடத்தில் கண் சோர்ந்துவிடுகிறது. முடிவில்லாத புதுமையும் ஒருவகை அலுப்புதான். பால்டெஸாரியின் அலுப்பு நம்மை உள்ளே இழுத்தது. இது தள்ளி நிறுத்துகிறது.

இரண்டாவது குறையை ஒரு தமிழாசிரியர் மட்டுமே சொல்லக்கூடும். ஏன் ஏ, பி, சி? தாய், கெமர், பர்மிய, ஜாவானிய எழுத்துகளின் மூதாதை பல்லவர் எழுத்து. தாய்லாந்து, கம்போடியா, மியன்மார் பிள்ளைகள் இன்றும் மெய்யெழுத்து வரிசையைக் ககரத்தில்தான் தொடங்குகிறார்கள், நம் பிள்ளைகளைப் போலவே. வாயின் உட்புறத்திலிருந்து உதடு நோக்கி வரும் அந்த ஒலி வரிசை, இந்த வட்டாரத்தின் பல வகுப்பறைகளில் இன்றும் ஒலிக்கும் வரிசை. காலனிய வரிசையைத் தேர்ந்தெடுத்ததே ஒரு விமர்சனம் என்று ஹோவின் சார்பில் வாதாடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமர்சிக்கும் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை இருக்கிறது என்பதை அந்த அகராதி காட்டவில்லை. 'தமிழ் வரிசையில வெச்சா எது முதல்ல வரும்?' என்று வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டேன். அன்றைய மீதி நேரம் அதிலேயே போனது. பார்த்த படைப்பிலிருந்து பிள்ளைகள் தாங்களே செய்யும் படைப்புக்கு அப்படித்தான் நகர்ந்தார்கள்.

வகுப்பில் காட்ட நினைப்பவர்களுக்கு

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம் விளக்கைப் போட்டுவிடுங்கள். முன்கூட்டியே விளக்காதீர்கள், ஆனால் யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று தமிழில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். ராஸ்லரின் காணொளியை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, உங்கள் மாணவர் வயதுக்குச் சரிதானா என்று முடிவு செய்யுங்கள். இதுபோன்ற படைப்புகளைக் கல்வி நிலையங்களுக்கு வாடகைக்குத் தரவென்றே நியூயார்க்கில் 1971இல் ஹோவர்ட் வைஸ் தொடங்கிய 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸ்' போன்ற இலாப நோக்கற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. முறையாக அனுமதி பெற்றே காட்டுவோம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். கவிதை நயமானாலும் காணொளிக் கருத்துரையானாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். என்ன இருக்கிறது? எதற்குப் பிறகு எது வருகிறது? வர வேண்டியது எது வரவில்லை? இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டு, 'இதன் மூலம் அறிவது' என்ற வரிக்கு வாருங்கள். அப்போது அந்த வரி உங்களுடையதாக இருக்கும். பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்ததாக இருக்காது. தேர்வாளருக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மாணவன் வாய்மொழித் தேர்வில் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு வகுப்பில் கையைத் தூக்க ஆரம்பித்தான். தமிழ் தடுமாறித்தான் வருகிறது, ஆனாலும் பேசுகிறான். என் அலமாரியில் பழைய எழுத்தட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. இப்போது அவற்றை எடுக்கும்போதெல்லாம், காட்டி முடித்ததும் ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வகுப்பில் வேறு வரிசையில் காட்டிப் பார்த்தீர்களானால், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.